தாங்கிய துயரும் தணிந்த துயரும்



இளமையிலே பெருந்துன்பத்துக்கு ஆளாகி, பின்பு தம் முயற்சியால் தலையெடுத்து, குடும்பம் நடத்தி, பிள்ளைகளையும் படிக்கவைத்த ஒருவரைச் சுட்டி, "எத்தனையோ வந்தது, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார்" என்று நம் தோட்டத்து மக்கள் பெருமையோடு பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெருமை நியாயமானதே. தாங்கும் வலிமை இல்லாதிருந்தால் ஊவா மலைகளிலே நம்மவர் இத்தனை தலைமுறை வாழ்ந்திருக்க இயலாது. ஆயினும், துயரைத் தாங்குவது ஒன்று. துயர் தணிவது மற்றொன்று. முன்னது நடந்துவிட்டால் பின்னதும் நடந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் சரிதானா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள், புதன்கிழமை காலை. பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், பெருமழையால் ஊறிப்போன மலை சரிந்து லயங்களின்மேல் இறங்கியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களுக்குப் போக வேறிடம் இருக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்தவர்களில் உடல் கிடைத்தோரினும் கிடைக்காதோரே மிகுதி. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த காரணத்தால் உயிர்தப்பிய பிள்ளைகளும் இருந்தனர். தலை சீவிவிட்டு, சீருடை அணிவித்து, கையில் புத்தகப் பையைக் கொடுத்து அனுப்பிய தாய் மாலையில் இல்லை. தாய் மட்டுமா? வீடும் இல்லை, வீடு நின்ற நிலமும் இல்லை. அயலிலிருந்த பாடசாலைகள் முகாம்களாயின. பின்பு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் தங்குமிடமாயிற்று. புதிய வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. அன்று பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று இருபதைக் கடந்த இளைஞன்; இளம்பெண். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்துகொண்டிருக்கலாம். கையிலே குழந்தையோடும் இருக்கலாம். "தாங்கிக்கொண்டார்கள்" என்று இவர்களைப் பற்றியும் நாம் சொல்லத் தொடங்கிவிட்டோம்.

இவர்களுக்கு முந்திய தலைமுறைகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின், 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் கணக்கிடப்பட்டது. கணக்கிலே இலக்கங்களாக நின்றவர்கள், பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறியபோது அண்ணன் தம்பிகளாகவும் தாய் மக்களாகவும் பிரிந்தனர். தலைமன்னாருக்குப் போன கோச்சியின் பின்னால் ஓடிய சிறுவர்கள் இன்று முதியவர்கள். 1983ஆம் ஆண்டு ஜூலையிலே பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அடுத்த வீட்டாரின் அறையிலே மூச்சையடக்கி ஒளிந்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஊரறிந்த இவ்விபத்துகளுக்கு அப்பால், ஊரறியாத துன்பங்கள் வேறு உள்ளன: குடியினால் குலைந்த வீடு, அடி, தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப்பணிக்குப் போனபின் காவலற்றுப்போன சிறுமிக்கு நேர்ந்த கொடுமை. இவை செய்தித்தாளில் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளும் வாய் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட துன்பத்திலிருந்து ஒரு பிள்ளை மீண்டெழுவது எவ்வாறு? சிலர் நிமிர்கிறார்கள், சிலர் நொறுங்குகிறார்கள். இதனை விதியென்றும் பிறவிக்குணமென்றும் சொல்லி விட்டுவிடுவது எளிது. எமி வேர்னர் என்னும் உளவியல் அறிஞர் அவ்வாறு விட்டுவிடவில்லை. பசிபிக் மாகடலிலே ஹவாய்த் தீவுகளுள் ஒன்று காவாய். அதுவும் ஒரு தோட்டத் தீவு. தேயிலைக்குப் பதிலாகக் கரும்பும் அன்னாசியும். அங்கும் கூலிவேலைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஜப்பானியர், பிலிப்பினோக்கள், போர்த்துக்கேயர் ஆகியோரின் வழிவந்தவர்களே பெரும்பாலான தொழிலாளர். 1955ஆம் ஆண்டில் அத்தீவிலே பிறந்த 698 குழந்தைகளை வேர்னரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, வீட்டுச் சச்சரவு, பெற்றோரின் குடி, மனநோய் எனப் பல துன்பங்கள் ஒருங்கே சூழ்ந்த குழந்தைகள் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் இருந்தனர். அந்த ஒரு பங்கினரிலும் மூன்றில் ஒருவர் அன்பும் ஆற்றலும் தன்னம்பிக்கையுமுள்ள மனிதராக வளர்ந்தனர்.

அந்த ஒருவருக்கு வாய்த்தது என்ன? இனிய சுபாவம், ஓரளவு கல்வி, கையிலொரு திறமை ஆகியவற்றை அறிஞர் குறிப்பிடுகின்றனர். ஆனால் எல்லாவற்றிலும் முந்தி நின்றது ஒன்று: அந்தப் பிள்ளையின்மேல் மாறாத பற்று வைத்த ஒரேயொரு பெரியவர். பெற்றோராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பாட்டியாகவோ, மாமனாகவோ, ஆசிரியராகவோ, அயலாராகவோ இருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளை வளர்த்த அப்பாயிகளையும் அம்மாயிகளையும், பிள்ளைக்காம்பராவிலே பத்துக் குழந்தைகளுக்கு நடுவே அழும் குழந்தை எதுவென்று குரலைக்கொண்டே அறிந்த பெண்களையும் நினைத்துப் பாருங்கள். படிப்பறியாத அந்தக் கிழவிகள் செய்துவந்த வேலையின் பெருமையை ஒரு பெரிய ஆராய்ச்சி எண்ணிக் காட்டியிருக்கிறது. தோட்டக் கணக்கிலே அவர்களின் பெயர் எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருந்தது என்று தேடினால், ஏமாற்றமே மிஞ்சும்.

காவாய்த் தீவின் கதையிலே நாம் கேட்க விரும்பாத பகுதி ஒன்றும் இருக்கிறது. நிமிர்ந்து நின்ற அந்த மூன்றில் ஒருவரும் விலை கொடுக்காமல் நிமிரவில்லை. வளர்ந்தபின் அவர்களிற் பலருக்கு மன இறுக்கத்தோடு தொடர்புடைய உடல்நோய்கள் இருந்தன. பிறரோடு நெருங்கிப் பழகாமல் சற்றே எட்டி நின்று தம்மைக் காத்துக்கொண்டவர்களும் இருந்தனர். தாங்கியவர்கள் தாங்கினார்கள், ஆனால் சுமை இறங்கிவிடவில்லை.

நம்மிடையே இது எவ்வாறு தோன்றுகிறது? ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். பசறைப் பக்கத்திலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறிப்பவர், வயது நாற்பத்தைந்து. வேலைக்குத் தவறியதில்லை. யாரிடமும் கைநீட்டியதில்லை. ஆனால் இரவில் தகரக்கூரையிலே கனமழை விழுந்தால், விளக்கை ஏற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மகள் பாடசாலையிலிருந்து பத்து நிமிடம் பிந்தினால் நெஞ்சு படபடக்கும், வந்தபின் அடித்துவிடுவார், அடித்தபின் அழுவார். தலைக்குத்து என்று மருந்தகத்துக்குப் போவார், மாத்திரை தருவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும், "அதெல்லாம் பழைய கதை" என்பார்.

அது பழைய கதையாகாமல் இருப்பதே நோய். நினைவுக்கு இருவேறு பக்கங்கள் உண்டென்று உளநூலார் விளக்குவர். எங்கே, எப்பொழுது, யாரோடு என்று நிகழ்ச்சியை அதனதன் இடத்தில் வைத்து அறிவது ஒன்று. அன்று கேட்ட ஓசை, முகர்ந்த நாற்றம், உடம்பிலோடிய நடுக்கம் ஆகியவற்றை அப்படியே தேக்கி வைத்திருப்பது மற்றொன்று. பொறுக்க முடியாத அச்சம் நேரும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. அதனால் மழை பெய்யும்போது, "அன்று ஒருநாள் நடந்தது" என்ற நினைவு வருவதில்லை. "இதோ நடக்கிறது" என்று உடம்பு எழுந்து நிற்கிறது. மலைநாட்டிலே மழைக்கா பஞ்சம்?

உளச்சிகிச்சை என்பது பெரும்பாலும் இந்தப் பொருத்தத்தை மீண்டும் உண்டாக்கும் வேலை. அது மந்திரமுமன்று, வெறும் அறிவுரையுமன்று. "மறந்துவிடு, மனத்தைத் தேற்றிக்கொள்" என்பதைச் சொல்ல ஒரு வைத்தியர் தேவையில்லை. அதை ஊரே சொல்லிவிட்டது. சிகிச்சையிலே முதலில் செய்வது, வந்தவர் இப்பொழுது பாதுகாப்பாக இருக்கிறாரா என்று அறிந்து, மூச்சையும் உடம்பையும் அமைதிப்படுத்தப் பழக்குவது. அடித்துக்கொண்டிருக்கும் கை இன்னும் ஓங்கியே இருக்குமானால், மனத்துக்கு மருந்திட்டுப் பயனில்லை; கையைத் தடுப்பதே முதல் சிகிச்சை.

அதன்பின் கதை. ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். தரையிலே ஒரு கயிற்றை நீட்டி வைக்கிறார்கள், அதுவே வாழ்க்கை. ஒரு முனை பிறப்பு. மகிழ்ச்சி நேர்ந்த இடங்களிலே பூக்களையும் துன்பம் நேர்ந்த இடங்களிலே கற்களையும் அந்தப் பிள்ளையே எடுத்து வைக்கிறது. பின்பு பல நாள்களில், ஒவ்வொன்றாக, பிறப்பிலிருந்து இன்றுவரை தன் கதையைச் சொல்கிறது. கல்லருகே வரும்போது துணையாளர் அவசரப்படுத்துவதில்லை, தாண்டிப்போகவும் விடுவதில்லை. என்ன கண்டாய், என்ன கேட்டது, அப்போது உடம்பு என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று மெல்ல மெல்லக் கேட்டு எழுதுகிறார். அடுத்த முறை எழுதியதைப் படித்துக் காட்டுகிறார், பிள்ளை திருத்துகிறது. முடிவிலே முழுக்கதையும் ஏடாகப் பிள்ளையின் கைக்கு வருகிறது. அச்சத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைத்துவிடுகின்றன. கல் மறைந்துவிடவில்லை; கயிற்றிலே தன் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னும் கயிறு நீள்வது கண்ணுக்குத் தெரிகிறது.

இஃது எங்கோ மேல்நாட்டிலே மட்டும் பார்க்கப்பட்ட முறையன்று. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், போரையும் கடலையும் ஒருங்கே கண்ட வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள் ஆறு ஆறு அமர்வுகளாகச் சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினருக்கு இப்போது சொன்ன கதைமுறை. மற்றப் பகுதியினருக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும். 2009ஆம் ஆண்டு வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதங்களுக்குப்பின் முன்னவர்களில் 81 வீதத்தினரும் பின்னவர்களில் 71 வீதத்தினரும் நோய்நிலையினின்று விடுபட்டிருந்தனர். இரண்டுக்கும் இடையே திட்டவட்டமான வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர் கூறினர். சிகிச்சை பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை. காலமே ஆற்றிய பங்கும் அதில் இருக்கலாம். ஆகவே இந்த எண்களை நான் வெற்றிமுரசாகக் கொட்ட மாட்டேன். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு: தமிழ்ப் பிள்ளைகளுக்கு, தமிழிலே, அவ்வூராரே, ஆறு அமர்வுகளில் இதைச் செய்ய முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விபத்து நடந்த மறுநாளே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "நடந்ததைச் சொல்" என்று வற்புறுத்துவது சிகிச்சையன்று. அப்படி ஒருமுறை கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. அந்த வேளையிலே வேண்டுவது உணவு, உறக்கம், உறவினரோடு சேர்த்துவைத்தல், கேட்க ஒருவர் அருகிலிருத்தல் ஆகியவையே. பெரும்பாலான பிள்ளைகள் அவ்வளவிலேயே தேறிவிடுவர். மாதங்கள் கடந்தும் தேறாதவர்களைக் கண்டுபிடிப்பதே நம் கடமை. புகைப்படக்காரர்களும் நிவாரண வண்டிகளும் திரும்பிப் போனபின்னர் செய்ய வேண்டிய வேலை என்பதால், அது பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

நம் மரபிலே துயரைச் சொல்ல வழி இல்லாமலில்லை. ஒப்பாரி இருக்கிறது. தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்திலே, எரிந்துபோன மன்மதனுக்காக ரதி ஊரறிய அழுகிறாள். இறந்தவரை விளித்து, அவர் செய்ததையும் பேசியதையும் ஒன்றொன்றாகச் சொல்லி அழும் பெண்கள், துயரைக் கதையாக்கும் கலையை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலவில்லை. பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடும் பூசாரியும், "எங்கே பயந்தாய், எதைக் கண்டாய்?" என்றுதானே முதலில் கேட்கிறார்? இவற்றைக் கேலி செய்யும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பாரி தொடங்கியதும், "பிள்ளையை அப்பால் கொண்டுபோங்கள்" என்கிறோம். பெரியவர்கள் அழுது தீர்க்கும் வேளையில், பிள்ளை அடுத்த காம்பராவிலே தேங்காய்ப் பணிஸ் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு யாரும் எதையும் சொல்வதில்லை. மீரியபெத்தையிலே போல உடலே கிடைக்காமற் போனால், பெரியவர்களுக்குங்கூட எப்போது கருமாதி செய்வதென்பது தெரிவதில்லை. பிள்ளையோ, "அம்மா எங்கேயாவது இருப்பாள்" என்று ஆண்டுக்கணக்கிலே காத்திருக்கிறது. "நான் அன்று பாடசாலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அம்மாவை எழுப்பி ஓடியிருப்பேன்" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் பிள்ளையும் உண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியை வெளியே எடுத்துவைத்து, "உனக்கு அப்போது எத்தனை வயது? மலையைத் தடுக்க உன்னால் முடிந்திருக்குமா?" என்று அதன் வாயாலேயே விடை சொல்லவைப்பதும் உளச்சிகிச்சையின் ஒரு பகுதி.

இனி, இது நம்மவரின் கைக்கு எட்டுகிறதா? முழுமையாக எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். பதுளை வைத்தியசாலையிலே மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போய்வருவதென்றால் ஒருநாள் சம்பளம் போய்விடும். பஸ் கட்டணம் வேறு. அதனினும் பெரிய தடை மொழி. காய்ச்சலைச் சைகையாலும் காட்டலாம். வார்த்தையே மருந்தாகும் சிகிச்சையை, நோயாளியின் மொழியறியாதவர் எங்ஙனம் செய்வார்? மொழிபெயர்க்க அயல்வீட்டுக்காரரை உடன் அழைத்துப்போனால், சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் முடியுமா? தமிழிலே, அதுவும் தோட்டத்துத் தமிழிலே கேட்டறியக்கூடிய துணையாளர்களை ஊவாவிலே பெருக்க வேண்டும். நமது பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் இத்துறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடை இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்தரங்கமாகப் பேச ஓர் அறை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, தோட்டத்திலே எங்கே இருக்கிறது? பாடசாலையிலோ வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்தின் பின்புறத்திலோ வாரத்திற்கு ஒரு பொழுது அப்படியோர் அறையை ஒதுக்க அதிகச் செலவில்லை.

பெயரைக் குறித்த அச்சமும் இருக்கிறது. "அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்பது நம் நாட்டிலே நெடுங்காலமாக வசைமொழி. இன்று அதே அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனமே 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் மக்களின் துயரைக் கேட்கிறது. சிறுவருக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தெரிவிக்கத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரு தாளிலே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

"ஐம்பது வயதுக்குமேல் இனி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். காவாய்த் தீவிலே இளமையில் தடுமாறிப்போனவர்களிற் பெரும்பாலோர் முப்பதிலும் நாற்பதிலும் திருந்தி வாழத் தொடங்கியிருந்தனர். நல்ல துணை, இரண்டாம் முறை கிடைத்த கல்வி, நம்பிக்கைக்குரிய ஒரு கூட்டம் ஆகியவை அவர்களை மீட்டன. உளச்சிகிச்சையால் மீண்டவர்கள் சிலரே. இதனை மறைக்க வேண்டியதில்லை. வாழ்க்கை தானே கொடுக்காதபோது, வேண்டுமென்றே தேடிக் கொடுக்கப்படும் துணைதான் உளச்சிகிச்சை. கயிற்றையும் கற்களையும் வைத்துக் கதை சொல்லும் முறை, பிள்ளைகளுக்கென ஏற்படுவதற்கு முன்னரே பெரியவர்களுக்காகத் தோன்றியதாகும். அறுபது வயதுக்காரர் ஒருவர் தம் எட்டாம் வயதுக் கல்லை எடுத்துவைப்பதற்கு எந்தத் தடையுமில்லை.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்தன. மறுபடியும் முகாம்கள்; மறுபடியும் பிள்ளைகள். நேயர்களுள் ஆசிரியர்கள் இருப்பின், அவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பிலே மழை கனத்துப் பெய்யும்போது, எந்தப் பிள்ளை எழுதுகோலை வைத்துவிட்டுச் சாளரத்தைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதட்ட வேண்டாம். பாடம் முடிந்தபின் அருகே அழைத்து, "மழை வந்தால் உனக்கு என்ன தோன்றும்?" என்று கேளுங்கள். விடை உடனே வராது. அடுத்த மழையன்றும் கேளுங்கள்.